பறவைப் படத்துக்குச் செயலி தவறான பெயர் சொன்னால்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காட்டுப் பறவைகளைப் படமெடுத்து, மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளிலோ, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பொதுவான உரையாடல் செயலிகளிலோ கொடுத்துப் பெயர் தெரிந்துகொள்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஏரிகளையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் சேர்ந்தவை. செயலிக்குக் கிடைப்பவை மூன்றே: சுருக்கப்பட்ட ஒரு படம், ஓர் இடம், ஒரு தேதி. பெயர் பிசகும்போது செயலியைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் சரிபார்த்தால், பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. கீழே உங்கள் படத்துக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடி, அதிலிருந்து தொடங்கலாம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: இந்தப் பக்கமே வராத பறவையின் பெயர் முதலிடத்தில் வருகிறது

முதலில் பார்க்க வேண்டியது இடக்குறிப்பு. கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பொதுவாகப் பதிவாகியிருக்கும்; ஆனால் அதே படம் வாட்ஸ்அப் வழியாகப் புகைப்படமாக உங்களுக்கு வந்திருந்தால் அந்தத் தகவல் நீங்கியிருக்கும். திரைப்பிடிப்பு எடுத்த படத்திலும் அசல் இடமோ தேதியோ இருக்காது. இத்தகைய படத்தைக் கொடுக்கும்போது, செயலி ஊகித்துக் காட்டும் இடத்தைப் படிக்காமலேயே ‘சரி’ என்று அழுத்திவிடுவது பலரின் வழக்கம். நண்பர் வால்பாறையில் எடுத்த படத்தைச் சென்னையில் உட்கார்ந்து பதிவேற்றினால், சென்னையில் என்ன இருக்கும் என்ற கணக்கில்தான் பட்டியல் வரும். ஆகவே படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெறுங்கள்; அது முடியாதென்றால் எடுத்த ஊரைக் கேட்டு, இடத்தைக் கையால் உள்ளிடுங்கள்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மலைகளே சான்று. சோலைக்காடுகளின் தரையோரம் திரியும் நீலநிறச் சோலைக்கிளிகள் (இவை கிளிகள் அல்ல, சிறு பாடும் பறவைகள்) இரண்டு இனங்கள்: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் இருப்பது ஒன்று, தெற்கே ஆனைமலை, பழனி மலைப் பக்கம் இருப்பது மற்றொன்று. வடக்கத்தியதன் வயிற்றோரம் செம்பழுப்பாக இருக்கும், தெற்கத்தியதற்கு அது இருக்காது. சோலையின் இருட்டில் எடுத்த படத்தில் வயிற்றோரம் எந்த நிறத்திலும் தெரியலாம். ஆனால் படம் ஊட்டியில் எடுக்கப்பட்டதா கொடைக்கானலில் எடுக்கப்பட்டதா என்பது தெரிந்தால் ஐயத்துக்கே இடமில்லை. சிரிப்பான்களும் இப்படித்தான் மலைக்கு மலை பிரிந்து நிற்கின்றன; நீலகிரியில் ஒன்று, பழனி மலையில் மற்றொன்று. இடத்தைக் கோயம்புத்தூர் என்று பொதுவாகக் குறித்துவிட்டால், கணவாயின் வாயிலில் நின்றுகொண்டு இருபுறமும் கை காட்டுவதாக ஆகிவிடும்.

அடுத்தது தேதி. பழைய கேமராக்களில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், கடிகாரம் தொழிற்சாலையில் வைத்த தேதிக்குத் திரும்பிவிடும். அதற்குப் பின் எடுக்கும் எல்லாப் படங்களும் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி மாதத்தில் எடுத்தவையாகவே பதிவாகும். ஆறுமணிக் குருவி தமிழ்நாட்டுக்கு வலசை வந்து, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கோடைக்குள் வடக்கே போய்விடும் பறவை. கடிகாரம் தவறாக வைக்கப்பட்டு, நவம்பரில் உங்கள் தோட்டத்தில் எடுத்த படத்தில் ஜூன் என்று பதிவாகியிருந்தால், செயலி அதைக் கீழே தள்ளி வேறு பெயர்களை மேலே கொண்டுவரக்கூடும்.

மெர்லினில் மட்டும் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. அது பகுதிவாரியான பறவைத் தொகுப்புகளாக இறக்கப்படுகிறது. வெளிநாட்டில் இருந்தபோது நிறுவிய செயலியில் இந்தியாவுக்கான தொகுப்பு இல்லாமல் இருக்கலாம். அமைப்புகளுக்குள் சென்று பாருங்கள். ஐநேச்சுரலிஸ்ட் காட்டும் பரிந்துரைகளில், அருகில் எதிர்பார்க்கப்படுபவை என்ற வடிகட்டி இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். பொதுவான படத்தேடல் கருவிகள் பெரும்பாலும் ஒத்த படங்களை இணையத்தில் தேடித் தருபவை. உங்கள் ஏரி எங்கே இருக்கிறது என்பதை அவை பொருட்படுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: ஒரே படத்துக்கு ஒவ்வொரு முறையும் வேறு பெயர், அல்லது பெயரே வரவில்லை

படத்தில் பறவை மிகச் சிறியதாக இருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். இத்தகைய செயலிகள் நீங்கள் கொடுக்கும் படத்தை அப்படியே பார்ப்பதில்லை. சில நூறு புள்ளிகள் அகலமும் உயரமும் கொண்ட சிறு சதுரமாகச் சுருக்கிய பிறகே பார்க்கின்றன. 6000 புள்ளிகள் அகலமுள்ள படத்தில் பறவை 600 புள்ளிகள் இருக்கிறது என்று வையுங்கள். முழுப் படத்தையும் 300 புள்ளிகளுக்குச் சுருக்கினால் பறவைக்கு எஞ்சுவது 30 புள்ளிகள். அலகின் வடிவமோ கண்ணைச் சுற்றிய வளையமோ அதில் தங்காது. பறவையைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தால் அதே 300 புள்ளிகளையும் பறவையே நிரப்பும்.

வெட்டும்போது வாலோ காலோ துண்டாகிவிடாமல் நான்கு புறமும் கொஞ்சம் இடம் விடுங்கள். மெர்லினில் பறவை கட்டத்தை நிரப்பும் வரை படத்தைப் பெரிதாக்கச் சொல்லும் படிநிலை இதற்காகவே இருக்கிறது. அதைத் தாண்டி ஓட வேண்டாம். ஒரே சட்டகத்தில் இரண்டு வகைப் பறவைகள் இருந்தால், கூந்தன்குளத்தில் நாரைகளும் நீர்க்காகங்களும் ஒரே மரத்தில் இருப்பதைப் போல, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டிக் கொடுங்கள்.

வெட்டிய பிறகும் பெயர் மாறிக்கொண்டே இருந்தால், அதையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். கொஞ்சம் அகலமாக ஒரு வெட்டு, கொஞ்சம் இறுக்கமாக ஒன்று, இடவலமாகத் திருப்பிய ஒன்று எனக் கொடுத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பெயர் வந்தால் அதை ஆராயத் தொடங்கலாம். மூன்றுக்கும் மூன்று பெயர் வந்தால் அந்தப் படத்தில் அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, வேறு சட்டகத்தைத் தேடுங்கள்.

அறிகுறி: கறுப்பாகத் தெரியும் பறவைக்கெல்லாம் கரிச்சான் அல்லது காக்கை என்று வருகிறது

பறவை மின்கம்பியிலோ மர உச்சியிலோ இருந்து, பின்னால் வெளுத்த வானம் இருந்தால் கேமரா வானத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துவிடும், பறவை நிழலுருவாகிவிடும். அந்த நிலையில் ஆண் குயில், கரிச்சான், சாம்பல் கரிச்சான் மூன்றும் கறுப்பே. படத்திருத்தியில் நிழல் பகுதியின் ஒளியை மட்டும் உயர்த்திப் பாருங்கள். சிவந்த கண்ணும் வெளிர்பச்சை அலகும் தெரிந்தால் குயில். வால் ஆழமாகப் பிளந்திருந்து, வாயோரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் நம் வயல்வெளியின் இரட்டைவால் குருவி, அதாவது கரிச்சான். உடல் சாம்பல் கலந்து, கண் ஆழ்ந்த சிவப்பாக இருந்தால், அது குளிர்காலத்தில் மரங்களடர்ந்த இடங்களுக்கு வரும் சாம்பல் கரிச்சான். கேமராவில் ரா கோப்பும் சேர்த்து எடுத்திருந்தால் நிழலிலிருந்து மீட்கக்கூடிய விவரம் ஜேபெக் கோப்பைவிட அதிகம். களத்திலேயே ஒளி ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) அமைப்பை ஒரு படி கூட்டிவிட்டால் இந்த வேலையே மிச்சம்.

வெள்ளைப் பறவைக்கு நேர்மாறான சிக்கல். நண்பகல் வெயிலில் கொக்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எரிந்துபோன வெண்மையைத் திருத்தியால் மீட்க முடியாது. எடுக்கும்போதே முக்கால் படி குறைத்து எடுக்க வேண்டும். மரத்தடியில் இலைகளின் வழியே விழும் ஒளி பறவையின் மேல் பச்சை பூசுவதும் உண்டு. நிறத்தை வைத்துப் பெயர் சொல்வதற்கு முன், படத்தில் உள்ள ஒரு பட்டமரக் கிளை சாம்பலாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: கைபேசியில் பெரிதாக்கி எடுத்த படம் தெளிவாக இருக்கிறது, பெயர் மட்டும் பொருந்தவில்லை

அந்தத் தெளிவையே ஐயப்பட வேண்டும். ஒளியியல் எல்லையைத் தாண்டிப் பெரிதாக்கும்போது சில கைபேசிகள் இல்லாத விவரத்தைத் தாமே நிரப்புகின்றன. நெட்டைக்காலியின் மார்பில் உள்ள மெல்லிய கோடுகள் மழுங்கிப்போகலாம், அல்லது இல்லாத இடத்தில் இறகுவரிகள் போல ஏதோ தோன்றலாம். நெட்டைக்காலிகளைப் பிரிப்பதற்கு அந்தக் கோடுகளையும் பார்க்க வேண்டியிருப்பதால், மெருகேற்றிய படத்தை வைத்து முடிவு கட்டுவதில் பொருளில்லை. பெரிதாக்காமல் ஒரு படமும் சேர்த்து எடுங்கள். எடுத்த பின் இணையத்தில் கிடைக்கும் ‘தெளிவாக்கும்’ கருவிகளில் போட்டுவிட்டுச் செயலியிடம் கொடுப்பதை நான் அறவே தவிர்க்கச் சொல்வேன்.

அறிகுறி: வகை சரியாக வருகிறது, இனம் மட்டும் தடுமாறுகிறது

அதிகம் நேரம் செலவிட வேண்டிய அறிகுறி இதுதான். செயலி தனக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்களுக்குள் எது மிக நெருங்கி வருகிறது என்று வரிசைப்படுத்துகிறது. நெருங்கிய இரண்டு இனங்களுக்கும் பொதுவான அடையாளங்கள் மட்டுமே படத்தில் இருந்தாலும் ஒன்று மேலே வந்தே தீரும். மேலே வந்தது என்பதற்காகப் பிரித்தறியும் அடையாளத்தை அது கண்டுவிட்டது என்று பொருளல்ல. அந்த அடையாளத்தை நாம்தான் படத்தில் தேட வேண்டும்.

கொக்குகளை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கரணையில் நிற்கும் ஒரு வெண்ணிறக் கொக்குக்குப் பெரிய கொக்கு, நடுத்தர வெண்கொக்கு என்று மாறி மாறி வருகிறது. அலகின் நிறத்தை நம்ப முடியாது. பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். படத்தின் அசல் கோப்பைத் திறந்து தலையை மட்டும் பெரிதாக்குங்கள். வாய்ப்பிளவின் கோடு அலகின் அடியிலிருந்து கண்ணுக்குக் கீழே ஓடும். அது கண்ணையும் கடந்து பின்னால் கொஞ்சம் நீண்டிருந்தால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தர வெண்கொக்கு. இந்தக் கோடு அசல் படத்திலேயே சில புள்ளிகள் தடிமன்தான், செயலி சுருக்கிப் பார்க்கும் சதுரத்தில் அது அழிந்தே போகும். ஆகவே தலையை மட்டும் வெட்டி இரண்டாம் முறையாகக் கொடுப்பது பயன் தரலாம், ஆனால் உங்கள் கண் அதைவிட விரைவானது. சின்னக் கொக்குக்கு இந்தச் சிரமம் இல்லை: கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சள் விரல். விரல்கள் நீருக்குள் மூழ்கியிருக்கும் படம் என்றால், அது காலைத் தூக்கும் வரை காத்திருந்து இன்னொரு படம் எடுப்பதே வழி. பழவேற்காடு போன்ற கடற்கரை ஏரிகளில் வெண்ணிறக் கரைக்கொக்கும் வரக்கூடும் என்பதால் அங்கே அலகின் தடிமனையும் பாருங்கள்.

அக்காக்குயிலும் வல்லூறும் செயலியை மட்டுமல்ல, சிறு பறவைகளையே ஏமாற்றும் இணை. இரண்டும் சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால். படத்தில் தேட வேண்டியவை அலகும் காலும். வல்லூறின் அலகு அடியிலிருந்தே வளைந்து கொக்கியாக இறங்கும். அதன் மஞ்சள் கால் நீண்டிருக்கும், உகிர்கள் கூர்மையாகத் தெரியும். அக்காக்குயிலின் அலகு ஒல்லியானது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டு, அமரும்போது இறக்கையைத் தொங்கவிட்டு உடலைக் கிடையாக வைத்திருக்கும். முதுகுப்புறப் படம் ஒன்றுதான் இருக்கிறது, தலை மறைந்திருக்கிறது என்றால் எந்தச் செயலியிடமும் கேட்டுப் பயனில்லை.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் இந்த வழிமுறையின் பகுதி. வயல் சேற்றில் உட்கார்ந்திருக்கும் உள்ளான்களில், கோரை உள்ளான் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு காட்டும். ஆனால் ஊசிவால் உள்ளானையும் ஸ்வின்ஹோ உள்ளானையும் உட்கார்ந்த நிலைப் படத்தில் பிரிப்பது வல்லுநர்களுக்கே இயலாத காரியம். வால் விரிந்து, ஓர இறகுகள் ஊசிபோல் மெலிந்திருப்பது தெரிந்தால்தான் முன்னதை உறுதிப்படுத்த முடியும். செயலி இவற்றுள் ஒன்றை எவ்வளவு உறுதியோடு சொன்னாலும் அதை ஏற்காதீர்கள். குளிர்காலத்தில் நம் மரங்களில் ஓயாமல் துள்ளும் பச்சைக் கதிர்க்குருவிகளான கிரீனிஷ் வார்ப்ளரும் கிரீன் லீஃப் வார்ப்ளரும் கிட்டத்தட்ட இதே நிலைதான். பின்னதன் முகத்திலும் தொண்டையிலும் மஞ்சள் கூடுதல் என்பார்கள், ஆனால் இறகு தேய்ந்தால் அதுவும் மங்கிவிடும். இவற்றின் அழைப்பொலி வேறுபடும்: முன்னது இரண்டு அசை, பின்னது மூன்று அசை. படமெடுத்த கையோடு கைபேசியில் அரை நிமிடம் ஒலிப்பதிவும் செய்துவிடுங்கள்.

அறிகுறி: தெரிந்த பறவைதான், ஆனால் செயலி வேறு ஏதோ சொல்கிறது

பருவமும் வயதும் காரணமாக இருக்கலாம். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளக்கும் கருநீலத்தை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போல் மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து மார்பு வரை ஒரு கறுத்த கோடு மட்டும் எஞ்சியிருக்கும். செம்பருத்திப் பூவில் தலைகீழாகத் தொங்கும் இந்தக் கோலத்தைப் புது இனம் என்று எண்ணி மகிழ்பவர்கள் உண்டு. மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண்ணிறக் கோடுகளோடு மறைந்திருக்கும், எழுந்து பறந்தால் இறக்கை முழுவதும் வெள்ளை. பறக்கும் படத்துக்கு வேறு கொக்கின் பெயர் வருவது இதனால்தான். இளம் செம்பருந்து செம்மையே இல்லாமல் பழுப்பாக இருக்கும், கரும்பருந்து என்று பெயர் வாங்கும். வால் நுனி வட்டமாக இருக்கிறதா, சற்றே பிளந்திருக்கிறதா என்று பாருங்கள், வட்டமானால் செம்பருந்து. கரும்பருந்து வாலை முழுக்க விரித்தால் பிளவு மறைந்து நேராகிவிடும் என்பதால் ஒரே சட்டகத்தை நம்ப வேண்டாம். சில்லைகளின் குஞ்சுகள் வெறும் பழுப்பு. கூட இருக்கும் தாய் தந்தையைச் சேர்த்து எடுத்த படம் இல்லாமல் அவற்றின் இனத்தைச் சொல்லத் துணிய வேண்டாம்.

அறிகுறி: உரையாடல் செயலி அடையாளங்களை விரிவாக விளக்குகிறது, ஆனால் பெயர் தவறு

பறவைகளுக்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட செயலி பெயர்களை வரிசைப்படுத்தித் தருகிறது. உரையாடல் செயலியோ ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அடையாளங்களைப் படத்தில் கண்டதாகவே எழுதிவிடும். கால் நீருக்குள் இருக்கும் படத்தைக் காட்டினாலும் ‘மஞ்சள் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன’ என்று வரும். அது சொல்லும் ஒவ்வொரு அடையாளத்தையும் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். ஒன்றுகூடக் காட்ட முடியவில்லை என்றால் பெயரையும் விட்டுவிடுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘இது ஊசிவால் உள்ளான்தானே?’ என்று கேட்டால் ஆமாம் என்றே பதில் வர வாய்ப்பு அதிகம். பெயர் எதையும் சொல்லாமல், முதலில் அலகு, கால், வால், இறக்கை ஆகியவற்றில் காண்பதை மட்டும் விவரிக்கச் சொல்லுங்கள். எவை மறைந்திருக்கின்றன என்பதையும் கேளுங்கள். அதற்குப் பிறகு பெயருக்கு வாருங்கள். தமிழ்ப் பெயர் கேட்டால் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து, எங்கும் வழங்காத ஒன்றைத் தந்துவிடுவதும் உண்டு என்பதால், அறிவியல் பெயரையும் கேட்டு வாங்கி அதை வைத்துச் சரிபாருங்கள்.

அறிகுறி: கண்ணெதிரே இருக்கும் பறவை பட்டியலிலேயே இல்லை

இட வடிகட்டியை நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நகரத்தில் என்றால் கூண்டிலிருந்து தப்பிய பறவையாக இருக்கக்கூடும். லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் ஆஸ்திரேலியக் கிளியை உள்ளூர்ப் பட்டியல் காட்டாது. வழிதவறி வந்த அரிய பறவையும் இப்படித்தான் மறைந்துபோகும், ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். பெயர் மட்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் இனப்பிரிப்பு மாறியிருக்கலாம்; பார்த்த பறவைகளைப் பதிவிடும் தளமான ஈபேர்டு தன் பெயர்ப் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது, ஒரே இனமாக இருந்த சிறு மணல் உப்புக்கொத்தி இப்போது இரண்டு இனங்கள்.

அறிகுறி: பதிவேற்றிய பிறகு மற்றவர்கள் மறுக்கிறார்கள்

ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆய்வுத் தரம் பெற, குறைந்தது இருவர் அடையாளம் சொல்லியிருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடன்பட வேண்டும். நீங்கள் செயலியின் பரிந்துரையை அழுத்தி, அடுத்தவரும் அதே பரிந்துரையை அழுத்தியிருந்தால், இருவர் உடன்பட்டதாகக் கணக்கில் வரும். உண்மையில் அங்கே பேசியது ஒரே செயலிதான். மூன்றாமவர் மறுத்தால் வாக்கை எண்ணாமல், அவர் எந்த அடையாளத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

ஈபேர்டில் அந்த இடத்துக்கும் பருவத்துக்கும் அரிதான பதிவைத் தன்னார்வ மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டு எழுதுவார். ‘செயலி சொன்னது’ என்ற பதில் அவருக்குப் பயன்படாது. வெட்டாத அசல் கோப்பையும், தொடர்ச்சியாக எடுத்த மற்றச் சட்டகங்களையும், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் கொடுங்கள். அடையாளம் படத்தில் இல்லை என்றால் பதிவை நீக்க வேண்டாம். ஊசிவால் உள்ளான் அல்லது ஸ்வின்ஹோ உள்ளான் என்று இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் பிரிவும், இனம் தெரியாத உள்ளான் என்று குறிக்கும் பிரிவும் அதன் பட்டியலிலேயே உண்டு. பட்டியலைத் திருத்தும் பகுதிக்குச் சென்று இனத்தை மட்டும் மாற்றினால் எண்ணிக்கையும் இடமும் தேதியும் அப்படியே இருக்கும்.